திடல் என்னும் திருவிடம்

நுழையும்முன்

விளையாட்டைப் பொழுதுபோக்கு என்கிறோம். ஆனால், ஓர் அணியின்மீது ஒரு நகரமே கொள்ளும் பற்று அச்சொல்லுக்குள் அடங்குவதில்லை. துயருற்ற நகரமொன்று ஆறுதல் தேடி எங்குச் சென்றது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ திடலில் லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஆகிய கால்பந்து அணிகள் கோப்பை அரையிறுதியில் மோதின. வெளியே கூட்டம் மிகவே, காவல்துறையினர் வெளியேறும் கதவொன்றைத் திறக்கச் செய்தனர். உள்ளே வந்தோர், ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பிவேலி அடைப்புகளுக்குள் சென்று சேர்ந்தனர். அந்நெரிசலால் உயிரிழந்தோர், பின்னாளில் இறந்தோரையும் சேர்த்து, 97 பேர். அனைவரும் லிவர்பூல் அணியின் ஆதரவாளர்கள். பத்து வயதுச் சிறுவனும் அவர்களுள் ஒருவன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லிவர்பூல் மக்கள் தேவாலயத்திற்குச் சென்றனர். ஆனால், அங்கு மட்டும் செல்லவில்லை. அணியின் சொந்தத் திடலான ஆன்ஃபீல்டின் கதவுகள் அவர்களுக்காகத் திறக்கப்பட்டன. ‘கோப்’ எனப்படும் பார்வையாளர் பகுதியின் முன்னே மலர்களை வைத்தனர். நாள்தோறும் பெருகிய மலர்ப்பரப்பு ஆடுகளத்தின் நடுக்கோடுவரை சென்றது. ஆதரவாளர்கள் சாய்ந்து நிற்கும் தடுப்புக் கம்பிகளில் கழுத்துத்துண்டுகள் கட்டப்பட்டன.

அந்நகரின் மற்றோர் அணி எவர்ட்டன். நீலம் அதன் நிறம். லிவர்பூலின் நிறம் சிவப்பு. ஒரே வீட்டில் இரு நிறத்தாரும் இருப்பதுண்டு. அடுத்த சனிக்கிழமை, இரு நிறக் கழுத்துத்துண்டுகளையும் ஒன்றோடொன்று முடிந்து, எவர்ட்டன் திடலிலிருந்து பூங்காவைக் கடந்து ஆன்ஃபீல்டுவரை, ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிற்குக் கொண்டு சேர்த்தனர்.

பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட நூலில், சமயத்தைக் கடவுள் நம்பிக்கையைக்கொண்டு மட்டும் வரையறுக்கவில்லை. புனிதமெனச் சிலவற்றைத் தனித்து வைத்து, அவற்றைச் சூழ ஒன்றுகூடும் மக்கள் ஒரே சமூகமாகிறார்கள் என்பது அவர் கருத்து. ஆன்ஃபீல்டில் பாடப்படும் பாடல்கூட 1945இல் அரங்கேறிய அமெரிக்க இசைநாடகம் ஒன்றிற்காக எழுதப்பட்டதுதான். இரங்கல் கூட்டங்களில் அதுவே வழிபாட்டுப் பாடலாயிற்று.

இதனாலேயே விளையாட்டும் சமயமும் ஒன்றென்று கூறிவிடுதல் மிகையாகும். மறுமை குறித்து எந்த அணியும் எதுவும் சொல்வதில்லை. இப்பற்று எப்போதும் மேன்மையுடையதாய் இருப்பதுமில்லை. எதிரணியினரின் இழப்பை எள்ளி முழங்குவோரும் இங்கிலாந்துத் திடல்களில் உண்டு.

ஆயினும், இறந்தோரை மறவாதிருக்கும் கடமையை லிவர்பூல் மக்கள் கைவிடவில்லை. தொடக்கத்தில் பழி ஆதரவாளர்கள்மீதே சுமத்தப்பட்டது. குடும்பத்தினர் ஆண்டுதோறும் அந்நாளில் ‘கோப்’ பகுதியில் கூடினர். நீதி கேட்டு ஓயாது போராடினர். 27 ஆண்டுகளுக்குப் பின், 2016 ஏப்ரலில், இறந்தோர் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், ஆதரவாளர்களின் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் நடுவர் குழு முடிவு கூறியது. நீதிமன்றத்திற்கு வெளியே வந்த குடும்பத்தினர், அங்கேயே நின்று அப்பாடலைப் பாடினர்.