பிள்ளை பெற்ற உடம்பு



வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிற பாடம் வேறு. இம்முறை பிரசவ வார்டில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு போதகர் தாய்மாரின் உடம்பைப் பற்றி எழுதலாமா என்று உங்களில் சிலருக்குக் கூச்சமாயிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இறையியல் கல்லூரியில் எங்களுக்கு எபிரேயமும் கிரேக்கமும் கற்பித்தார்கள், இதைக் கற்பிக்கவில்லை. ஆகவே மருத்துவ விஷயங்களை எங்கள் டாக்டர் அம்மாவிடம் கேட்டு, அவர் திருத்திக் கொடுத்தபடியே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, தலைப்பிரசவமாகி ஏழாம் நாளான ஒரு பெண்ணை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளாகத் தலைவலி. முகமும் கைகால்களும் வீங்கியிருந்தன. வரும் வழியில் ஆட்டோவிலேயே வலிப்பு வந்துவிட்டது. இரத்த அழுத்தம் 170/110. உடனே மக்னீசியம் சல்பேட் மருந்து ஏற்றினார்கள். கல்யாண மோதிரம் விரலில் இறுகிப்போயிருந்தது. ஒரு சிஸ்டர் விரலைச் சுற்றி நூலை நெருக்கமாகச் சுற்றி, பொறுமையாக அதைக் கழற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெண் பிழைத்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் அவளுடைய தாயார் உட்கார்ந்திருந்தார். ஜெபிக்கத்தான் போனேன். அவர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "புள்ள பெத்த உடம்பு, சதை போட்டிருக்குன்னுதான் ஐயா நெனச்சோம்."

அன்றுமுதல் இந்த வார்த்தையைக் கவனித்து வருகிறேன். 'பிள்ளை பெற்ற உடம்பு' என்று நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம். பருத்துப்போன பெண்ணைக் கேலி செய்யும்போதும் சொல்கிறோம். "எனக்கு முடியவில்லை" என்று அவள் சொல்லும்போது வாயை அடைக்கவும் சொல்கிறோம். முதலாவது அவளைப் பட்டினி போட வைக்கிறது. இரண்டாவது சில வேளை உயிருக்கே ஆபத்தாகிறது.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரண எடையுள்ள நம் ஊர்ப் பெண்ணுக்குக் கர்ப்பகாலத்தில் 10 முதல் 12 கிலோ கூடுவது நல்லது என்று சொல்வார்கள். இதில் குழந்தை சுமார் 3 கிலோ. நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ அளவில் இருக்கும். பிரசவ நேரத்து இரத்தத்தையும் சேர்த்து, அன்று குறைவது ஏறக்குறைய 5 கிலோதான். வீட்டுக்குப் போய் எடை பார்க்கிற பெண், "பிள்ளையும் பிறந்தாச்சு, பாதி எடை அப்படியே இருக்கிறதே" என்று திடுக்கிடுகிறாள்.

மீதி எங்கே இருக்கிறது? கருப்பை மட்டுமே அப்போது சுமார் 1 கிலோ. தொப்புள் மட்டத்தில் கையால் தொட்டுப் பார்க்கலாம். அது நாளுக்கு நாள் சுருங்கி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் இறங்கி, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் குறைவாகிவிடும். ஆகவே வீட்டுக்குப் போகும் நாளில் வயிறு ஐந்து மாதக் கர்ப்பம் போலத் தெரிவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கர்ப்பத்தில் கூடிய இரத்தம் ஒரு லிட்டருக்கு மேல் உண்டு. உடம்பில் தங்கிய நீர் முதல் வாரத்தில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறும். ராத்திரியில் தாய் நனைந்து எழும்புவது அதனால்தான். பிறகு மார்பில் பால் கட்டுகிற எடை. கடைசியாகக் கொழுப்பு, மூன்று கிலோ அளவில். பாலூட்டும் மாதங்களுக்கென்று முன்கூட்டியே சேர்த்து வைக்கப்பட்ட களஞ்சியம் அது.

வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் உண்டு. குழந்தை வளர வளர அவை நடுவில் விலகிக் கொடுக்கின்றன. பிரசவத்துக்குப் பின் படுத்துத் தலையைத் தூக்கினால் நடுவில் மேடு போல எழும்பும். பலருக்கு முதல் இரண்டு மாதத்தில் பெருமளவு சேர்ந்துவிடும். சேராதவர்களுக்குப் பயிற்சி உண்டு. அதை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு, படுத்து எழும்பும் கடினப் பயிற்சிகளைச் செய்தால் விலகல் கூடலாம்.

வயிற்றில் பழைய சேலையைச் சுற்றிக் கட்டுகிறார்களே, அது நல்லதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தாங்கலாக, சௌகரியமாகக் கட்டினால் கேடில்லை. இடுப்புக்கு இதமாயும் இருக்கும். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்த அடித்தசைகளை வருத்தும். கட்டுகிறதால் கொழுப்பு கரையாது.

மூன்றாம் மாதத்துக்கு மேல் தலைமுடி கொத்தாகக் கொட்டும். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடிதான் இப்போது சேர்ந்து உதிர்கிறது. ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். வயிற்றுக் கோடுகள் வெளிறிப்போகும், ஆனால் முற்றிலும் மறையா. சிலருக்குப் பாதமே சற்று நீண்டு, பழைய செருப்பு சேராமல் போகும்.

பத்தியமும் பட்டினியும்

நம் தாய்மாருடைய பத்தியச் சாப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பூண்டுக்குழம்பு, கருவாடு, சுறாப்புட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்ப்பது, தாய்வீட்டில் மூன்று மாத ஓய்வு ஆகிய இவற்றில் எவ்வளவோ நன்மை உண்டு. வயலில் வேலை செய்து ஒட்டிப்போன பெண்ணுக்கு, வருஷம் முழுவதும் கிடைக்காத போஷாக்கு அந்த மூன்று மாதத்தில்தான் கிடைத்தது. வழக்கம் அந்த உடம்புக்காக ஏற்பட்டது.

இன்றைய உடம்பு வேறு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பருமனும் சோகையும் ஒரே உடம்பில் இருக்கின்றன! அந்த உடம்புக்கு நெய்யும் இனிப்பும் மூன்று வேளைச் சோறும் கொடுத்துவிட்டு, "பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று பழத்தையும், "வயிறு போடும்" என்று தண்ணீரையும் மறுக்கிறோம். தண்ணீர் குடித்து யாருக்கும் வயிறு போட்டதில்லை. குடிக்காததால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வந்து வார்டுக்குத் திரும்பி வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 600 கலோரி அதிகம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அது எவ்வளவு என்று டாக்டர் அம்மாவைக் கேட்டேன். மூன்று இட்லி சாம்பார், ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு பிடி சுண்டல் என்றார். இருவருக்குச் சாப்பிடு என்கிறோமே, இரண்டாவது ஆளின் பங்கு அவ்வளவுதான். அதற்காக அந்தப் பங்கையும் நிறுத்தி எடை குறைக்கப் பார்ப்பது இன்னும் மோசம்.

'ஆபரேஷன் பண்ணினதால்தான் வயிறு போட்டது' என்பது இன்னொரு பேச்சு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நடந்தவை. ஆகவே பாதிப் பேர் பழியை அதன்மேல் போடலாம். கத்தி கொழுப்பைக் கூட்டுவதில்லை. வலிக்குப் பயந்து மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதுதான் கூட்டுகிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் இதே பழி வருகிறது. அதில் கருக்குழாயை அடைக்கிறார்களேயன்றி வேறொன்றையும் எடுப்பதில்லை. தூக்கமில்லாத ராத்திரி, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, நடக்க இடமும் நேரமும் இல்லாமை: உண்மையான காரணங்கள் இவைதான். டாக்டர் அனுமதித்த பின் தினமும் அரைமணி நேரம் நடந்துவர வேண்டும். அந்த அரைமணி நேரம் பிள்ளையை யாராவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது நடந்தால்தான் முதலாவது நடக்கும்.

எவற்றை அப்படியே விடக்கூடாது?

முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் அது சதையல்ல. அன்றே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் அழுத்தம் இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம்வரை இது வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால், காலும் வீங்கினால், இதயத் தசை பலவீனமடைந்திருக்கக்கூடும். பிரசவத்துக்குப் பின் சில மாதம்வரை வரக்கூடிய நோய் அது. "குண்டானதால் மூச்சு வாங்குது" என்று சொல்லித் தாமதித்தவர்களை நான் அறிவேன்.

மெதுவாக வருகிறவையும் உண்டு. பிரசவமான வருஷத்தில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி மந்தமாகிறது. எடை ஏறுகிறது, அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை. பாலூட்டுகிற களைப்பு என்று எல்லாரும் எண்ணிவிடுகிறார்கள். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பிரசவத்தோடு அது பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. ஆனாலும் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஆறாம் வாரத்தில் திரும்பச் சர்க்கரை பார்க்க வேண்டும், பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஆறாம் வாரத்தில் பிள்ளைக்குத் தடுப்பூசி போடத் தவறாமல் வருகிறார்கள். "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று தாயைக் கேட்க அன்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆலய வாசலில்

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போன சரித்திரம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். வெகுகாலம் நமக்கிருந்த கேள்வி, தாய் பிழைப்பாளா என்பதே. பிழைத்த பின் அவள் எப்படி வாழ்கிறாள் என்று கேட்க நமக்கு நெடுநாள் பிடித்தது.

2002இல் தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மாரைப் பற்றி ஒரு ஆய்வு வெளியானது. பிரசவத்துக்குப் பின் 100க்கு 11 பேருக்கு மனச்சோர்வு நோய் வந்ததாக அதில் கண்டார்கள். வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கூடமாட உதவி செய்ய ஆளில்லாமை ஆகியவை அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் சில. பணத்தால் தீராதவை இதில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

நாற்பது நாள் கழித்து ஸ்தோத்திரம் செலுத்தப் பிள்ளையோடு ஆலயத்துக்கு வருகிற பெண்ணிடம் நாம் முதலில் சொல்வது என்ன? "என்னம்மா, ஆளே அடையாளம் தெரியல, இப்படி ஊதிட்டே!" அன்போடுதான் சொல்கிறோம். பழைய ரவிக்கை சேராமல், பாதிப் பீரோவைக் கட்டிலில் கொட்டி, கண்ணீரோடு கிளம்பி வந்தவளிடம் அதைச் சொல்கிறோம்.

நானும் சொல்லியிருக்கிறேன். 1988இல் எங்கள் இரண்டாம் மகள் பிறந்தபின், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளின் முன்னால் என் மனைவியைப் பார்த்து, வாசலை இடித்து அகலமாக்க வேண்டும்போலிருக்கிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதன்பின் மூன்று வாரம் அவள் இரவில் சாப்பிடவில்லை. அது எனக்குத் தெரியவேயில்லை. என் மாமியார்தான் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "மாப்பிள்ளை, பால் கொடுக்கிறவ பட்டினி கிடக்கிறா, பாத்தீங்களா?" என்றார்.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. பிரசவத்துக்குப் பின் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிற தொல்லை பலருக்கு உண்டு. ஒரு சகோதரி ஏன் இரண்டு வருஷமாக ஆலயத்துக்கு வரவில்லை என்று கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். விசுவாசக் குறைவு என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். இரண்டு மணி நேர ஆராதனையில் பாட்டுக்கு எழும்பி நிற்கப் பயம் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னாள். அடித்தசைகளை இறுக்கி விடுகிற எளிய பயிற்சியைச் சில மாதம் தொடர்ந்து செய்தால் பெரும்பாலோருக்கு நல்ல குணம் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. பெண்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் அம்மாவை வரவழைத்து அரைமணி நேரம் இதைப் பேசச் செய்யலாம். ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து ஏற்பாடு செய்யுங்கள்.

நம் நண்பர்கள் பிரசவ வார்டுக்குக் குழந்தைச் சட்டையும் தொப்பியும் அன்போடு தைத்து அனுப்புகிறார்கள். எங்கள் வார்டு சிஸ்டர் வெகுநாளாகச் சொல்லி வருவது, வீட்டுக்குப் போகிற தாய்க்கு உடுத்த, முன்பக்கம் திறக்கிற தளர்வான நைட்டி ஒன்றும் இருந்தால் நல்லது என்பதே. டிஸ்சார்ஜ் நாளில் சேராத உடுப்பை வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கிறவர்களை அவர்தான் பார்க்கிறார்.

அந்தச் சனிக்கிழமைப் பெண்ணைச் சொன்னேனே, அவள் ஆறாம் வாரப் பரிசோதனைக்கு வந்தபோது என் அறைக்கும் வந்தாள். இரத்த அழுத்தம் 120/80க்கு இறங்கியிருந்தது. ஒரு மாத்திரை மட்டும் மீதி. தாயார் பிள்ளையை வைத்திருந்தார். மோதிரம் இன்னும் விரலில் ஏறவில்லை. கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாள். பசிக்கிறது, கேன்டீனில் என்ன இருக்கும் ஐயா என்று கேட்டாள்.