ஒரே சரிவில் இரண்டு பிரதி வேண்டாம்: தோட்டத்து ஆவணங்களுக்கு ஒரு சேமிப்பு வலை

ட்ரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்குக் கீழே, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கட்டு இருக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தக் கட்டைத் தெரியும். தாத்தாவின் பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்ட விண்ணப்பத்தின் நகல், தோட்டத்துப் பழைய துண்டுச் சீட்டுகள், இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிய சின்னம்மா போட்ட கடிதம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழரான எங்களைப் பங்கு பிரித்தது. அன்றிலிருந்து காகிதத்தைக் காட்டாமல் ஓர் அலுவலகப் படியும் ஏற முடியாத சனம் நாங்கள்.

அந்தக் காகிதம் இருக்கும் வீடுதான் முதலில் சரிகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனபோது பெட்டிகளும் சேர்ந்தே போயின. ஆகவேதான் இப்போது பல தோட்டங்களில் இளைஞர்கள் ஸ்கேனர் வாங்கி வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஸ்கேன் செய்வது எளிது. செய்ததை எங்கே, எப்படி வைப்பது என்பதில்தான் சறுக்குகிறது. ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாங்கி ஆசிரியர் ஒருவரின் அலுமாரியில் வைத்தால் அது இன்னொரு ட்ரங்குப் பெட்டி, அவ்வளவுதான். பல ஊர்களில் பரவிய ஒரு சேமிப்பு வலையைச் சின்னச் செலவில் அமைப்பது எப்படி என்று இங்கே எழுதுகிறேன்.

எது எதோடு சேர்ந்து அழியும்?

எத்தனை டெராபைட் வாங்கலாம் என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பிரதி வைக்க நினைக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டிரண்டாக எடுத்துக் கேளுங்கள்: என்ன நடந்தால் இந்த இரண்டும் ஒரே நாளில் போகும்? ஒரே லயத்தின் தொங்கல் காம்பராவில் ஒன்று, நடுக்காம்பராவில் ஒன்று என்று வைத்தால் மண்சரிவுக்கு இரண்டும் ஒன்றுதான். வாசிகசாலைக்கும் பாடசாலைக்கும் ஒரே ட்ரான்ஸ்போமர் என்றால் இடிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே கம்பனி டிஸ்க்குகளும் அப்படித்தான். ஒரு தொகுதியில் குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்துப் படுக்கும். வேறு வேறு கம்பனியாக, சில மாத இடைவெளியில் வாங்குங்கள்.

பெரிய கம்பனிகளின் வடிவமைப்பும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. கூகுள் தன் கோப்பு முறைமையைப் பற்றி 2003இல் வெளியிட்ட கட்டுரையில், கோப்பை 64 மெகாபைட் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் மூன்று கணினிகளில், கணினிகளை அடுக்கும் ஒரே ரேக்கில் எல்லாம் சேராதபடி வைப்பதாக எழுதியது. ரேக்குக்கு ஒரே மின்சாரம், ஒரே வலைப்பின்னல் கருவி. போனால் மொத்தமாகப் போகும். எங்களுக்கு மலைதான் ரேக்.

அட்டனும் நுவரெலியாவும் வேறு ஊர்தானே என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களை ஒன்றாக அடித்தபோது அந்த நினைப்பு போய்விட்டது. ஊர் இரண்டு, மழை ஒன்று. என் சிபாரிசு இது: ஒரு நிலையம் அட்டனில், ஸ்கேன் நடக்கும் இடத்திலேயே. இரண்டாவது யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ. மூன்றாவது, நாட்டுக்கு வெளியே, கனடாவிலோ தமிழ்நாட்டிலோ இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டில். நான்காவது, எந்த வயரிலும் மாட்டாத ஒரு டிஸ்க்.

அளவு

300 புள்ளி அடர்த்தியில் நிறத்தோடு எடுத்த ஓர் ஏ4 பக்கம், சுருக்காத டிஃப் கோப்பாக ஏறக்குறைய 26 மெகாபைட். பத்தாயிரம் பக்கம் 260 கிகாபைட். தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தைப் பதிவு செய்தால் கணக்கு வேறு: நொடிக்கு 25 மெகாபிட் வீடியோ மணிக்கு 11 கிகாபைட்டைத் தாண்டும், எட்டு மணி நேர ஆட்டம் 90 கிகாபைட். ஒரு தோட்டத்துக்கு 2 டெராபைட்டோடு தொடங்கலாம்.

முழுப் பிரதியா, துண்டுகளா?

முழுப் பிரதி மூன்று வைத்தால் மூன்று மடங்கு இடம் வேண்டும். இன்னொரு வழி, 1960இல் ரீடும் சாலமனும் கொடுத்த கணிதம். கோப்பை நான்காகப் பிரித்து, அவற்றிலிருந்து இன்னும் இரண்டு துண்டு கணக்கிட்டு, ஆறு இடத்தில் வைப்பது. எந்த இரண்டு போனாலும் மீதி நான்கிலிருந்து முழுக்கோப்பும் வரும். இடம் ஒன்றரை மடங்குதான். பெரிய தரவு மையங்களுக்கு இது பெரும் மிச்சம். எங்களுக்கு வேண்டாம் என்பேன். ஆறு நிலையத்தைப் பராமரிக்க ஆளில்லை. அதைவிட, தனித் துண்டை எந்தக் கணினியிலும் திறந்து பார்க்க முடியாது. முழுப் பிரதி இருந்தால், நாம் யாரும் இல்லாத காலத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை டிஸ்க்கை மாட்டி அப்படியே திறக்கும்.

பரவிய சேமிப்பில் இன்னொரு சிக்கல்: இணைப்பு அறுந்திருக்கும்போது இரண்டு இடத்தில் ஒரே கோப்பை இருவர் திருத்தினால் எது சரி? பெரிய அமைப்புகள் பெரும்பான்மை வாக்கில் தீர்க்கும். மூன்றில் இரண்டு கணினி ஒத்துக்கொண்டால்தான் எழுதும். ஸ்கேன் செய்த பத்திரம் மாறுவதில்லை, அதனால் எங்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. மாறுவது பட்டியல் ஒன்றுதான். அதைத் திருத்தும் உரிமையை ஒரே ஒருவரிடம் கொடுங்கள்.

கணினி

பழைய மடிக்கணினி போதும், அதுவே நல்லது. அதன் பற்றரியே சின்ன யூபிஎஸ். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாடு இது. திடீரென அணைவதில்தான் டிஸ்க்கின் கோப்பு முறைமை கெடுகிறது. பற்றரி குறைந்தால் தானாக ஒழுங்காக அணையவும், கரண்ட் வந்ததும் தானாக எழவும் அமைத்துவிடுங்கள். இடி மாதங்களில் ரவுட்டரின் ப்ளக்கைக் கழற்றப் பழகுங்கள். வயரில் மாட்டாத டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். குளிரிலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்தால் சில மணி நேரம் கழித்தே மாட்டுங்கள். உள்ளே ஈரம் பூத்திருக்கும்.

இணைப்பு

இலவச மென்பொருளான சிங்திங் இதற்குப் பொருந்தும். நடுவில் யாருடைய சேர்வரிலும் கோப்பை வைக்காமல் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு அனுப்பும். அட்டன் கணினியில் கோப்புறையை ‘சென்ட் ஒன்லி’ என்றும், மற்றவற்றில் ‘ரிசீவ் ஒன்லி’ என்றும் வையுங்கள். முதல் சுமையை இணையத்தில் அனுப்ப முயலாதீர்கள். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட் போய்ச்சேர 18 நாள் ஆகும். டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் அன்றைக்கே கொழும்பு. அதன்பின் நாளாந்தம் சேர்வதை மட்டும் இரவில் அனுப்பினால் போதும்.

இனி, நான் பட்ட பாடு. ஓர் இரவு, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி, ஒரே பெயரில் இரண்டு கோப்புறை இருக்கிறதே என்று ஒன்றை அழித்துவிட்டது. அது இரட்டிப்பு இல்லை; தோட்டத்தின் ஒரு டிவிஷனுடைய துண்டுச் சீட்டுகள் முழுவதும் அதில்தான் இருந்தன. அழித்தது சில நிமிடத்தில் அடுத்த நிலையத்திலும் அழிந்தது. மூன்றாவது நிலையத்துக்குப் போன் எடுத்தேன். “இங்கே ஒரு மணி நேரமாகக் கரண்ட் இல்லை அண்ணன்” என்றான் தம்பி. “கரண்ட் வருவதற்குள் நெட் கேபிளைப் பிடுங்கு, கணினியைத் தொடாதே” என்றேன். அந்த மின்வெட்டால்தான் 1,100 பக்கம் பிழைத்தது.

பிரதிகள் ஒன்றையொன்று பின்பற்றும்போது தவறும் பிரதியாகிறது. பழைய வடிவத்தை எடுத்து வைப்பது வேறு வேலை. சிங்திங்கில் ‘ஃபைல் வேர்ஷனிங்’ என்ற வசதியை, வாங்கும் நிலையங்கள் எல்லாவற்றிலும் முதல் நாளே போட்டுவிடுங்கள். வேறிடத்தில் அழித்தது இங்கே ஒரு தனி மூலையில் கிடக்கும். அதோடு நான்காவது டிஸ்க். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க முகிலை (கிளவுட்) தாக்கிய கப்பம் கேட்கும் வைரஸ், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களைத் திரும்பாமல் அழித்தது. அந்தக் காலத்துக்கு மீட்க ஒரு பிரதி இல்லை. வயரில் மாட்டாத டிஸ்க்கை வைரஸ் தொடாது.

போயாவுக்குப் போயா

டிஸ்க் சத்தமில்லாமலும் கெடும். கோப்பு இருக்கும், அளவும் சரி. உள்ளே ஒரு புள்ளி மாறியிருக்கும், படத்தின் பாதி சாம்பலாகும். அதைக் கண்டுபிடிக்க எஸ்எச்ஏ-256 என்னும் கைரேகை உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்து வரும். கோப்பில் ஒன்று மாறினாலும் கைரேகை முழுக்க மாறும். ஸ்கேன் செய்த அன்றே எடுத்து, பட்டியலில் எழுதி, அந்தப் பட்டியலின் பிரதியைத் தனியாகவும் வையுங்கள்.

மாதம் ஒரு நாள் எல்லா நிலையத்திலும் இதை ஒத்துப் பார்க்க வேண்டும். தேதி குறித்தால் மறந்துபோகும். நாங்கள் பௌர்ணமி நாளான போயாவைப் பிடித்துக்கொண்டோம். நாட்டுக்கே விடுமுறை, கலண்டரில் சிவப்பு. காலையில் ஒப்பீட்டை ஓட விட்டால் மாலைக்குள் முடியும். பொருந்தாத கோப்பு வந்தால் பொருந்தும் நிலையத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். ஒரே டிஸ்க்கில் திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். அன்றே நான்காவது டிஸ்க்கையும் கொண்டுவந்து, புதியதைச் சேர்த்து, கழற்றி அனுப்பிவிடுங்கள்.

பூட்டும் சாவியும்

இவை பிறருடைய பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைகள். உள்ளூர்ப் பிரதி அப்படியே திறக்கட்டும்; வெளியூர் பிரதிகளை மறைக்குறியாக்கி அனுப்புங்கள். ரெஸ்டிக் என்ற இலவசக் கருவி இதைச் செய்யும், பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். உரியவரிடம் சம்மதம் எழுதி வாங்குங்கள். எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துச் சொல்லுங்கள். யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று அவரே சொல்லட்டும். பகிரங்கமாக வைக்கக்கூடிய சங்கத் துண்டுப்பிரசுரம், கோயில் மலர் போன்றவற்றை, 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் கொடுங்கள். அது உங்களுக்கு இன்னொரு பிரதி.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, வேறு வேறு ஊரில் இரண்டு பேரிடம் கொடுங்கள். அது தொலைந்தால் மறைக்குறியாக்கிய பிரதியை யாராலும் திறக்க முடியாது, உங்களாலும்தான்.

ஒத்திகை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அட்டன் நிலையம் அழிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வெறும் டிஸ்க்கில் எல்லாவற்றையும் திரும்ப எழுப்பிப் பாருங்கள். அமைத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். செய்வது மற்றவர்கள், வைத்துக்கொள்வது அச்சிட்ட வழிமுறைத் தாள் மட்டும். எங்கள் முதல் ஒத்திகை இரண்டு நாள் இழுத்தது, தாளில் மூன்று படி விடுபட்டிருந்தது. அடுத்த முறை, ஒரு பாட்டி தன் தகப்பனின் பதிவைக் கேட்டு வந்து நின்றார். அன்று கோப்புறையை அழித்த அந்தத் தங்கச்சிதான் புது டிஸ்க்கிலிருந்து அதை எடுத்து, பிரிண்ட் போட்டு, பாட்டியின் கையில் கொடுத்தது.