ஐஸ் பெட்டி வாங்குமுன் ஐஸை நிறுத்துப் பாருங்கள்



பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் நம் ஊர் மக்கள் வேன் பேசிக்கொண்டு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று கிளம்பிவிடுகிறார்கள். போகிற இடத்தில் சமைத்துச் சாப்பிட அரிசி, பருப்பு, மசாலாப் பொடி எல்லாம் நம் கடைகளில்தான் வாங்குகிறார்கள். அந்தச் சாமான் பட்டியலோடு, "விலை குறைவாக ஒரு ஐஸ் பெட்டி கிடைக்குமா?" என்றும் கேட்கிறார்கள். பாலும் தயிரும் வழியில் கெட்டால் அவர்கள் பயணம் கெடும். பெட்டி கொடுத்த கடையின் பெயரும் சேர்ந்து கெடும். ஆகவே இந்தச் சரக்கைக் கொள்முதல் செய்யுமுன் அதைப் பற்றிச் சிறிது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியின் வேலை என்ன?

பெட்டி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. குளிர்ச்சி தருவது ஐஸ். வெளியிலுள்ள வெப்பம் உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்துவது மட்டுமே பெட்டியின் வேலை.

ஒரு கிலோ ஐஸ் கரையும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி குறைக்க ஒரு கிலோகலோரியை எடுக்க வேண்டும். வெயிலில் 35 டிகிரி சூடேறிய 10 லிட்டர் குளிர்பானத்தை 5 டிகிரிக்குக் கொண்டுவர 300 கிலோகலோரியை எடுக்க வேண்டும். அதற்கு மட்டுமே மூன்றரைக் கிலோவுக்கு மேல் ஐஸ் தீர்ந்துவிடும். எவ்வளவு உயர்ந்த பெட்டியானாலும் இந்தச் செலவு தப்பாது. பெட்டியில் வைக்கும் பொருளை முதல் நாள் இரவே ஃபிரிஜ்ஜில் குளிரவைத்துக்கொண்டால், அந்த ஐஸ் அப்படியே மிச்சம்.

கவனிக்க வேண்டிய மூன்று

முதலாவது, சுவரின் கனம். கனம் இரண்டு மடங்கானால் உள்ளே நுழையும் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். சுவருக்குள் நிரப்பியிருப்பது தெர்மாகோலா, பஃப் எனப்படும் நுரையா என்று கேளுங்கள். ஒரே கனத்தில், பஃப் வழியே நுழையும் வெப்பம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இரண்டாவது, மூடி. விலை குறைந்த பல பெட்டிகளில் சுவருக்குள் நுரை இருக்கும், மூடிக்குள் வெறும் காற்றுதான் இருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள். வெற்று டப்பாபோல ஒலித்தால் சந்தேகப்படுங்கள். பில் தாள் ஒன்றை விளிம்பில் வைத்து மூடியைச் சாத்தி, தாளை இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த வழியாகக் காற்றும் வரும். நான்கு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, லிட்டர் கணக்கு. பெட்டியின் மேல் எழுதியிருப்பது காலிப் பெட்டியின் கொள்ளளவு. மூன்றில் ஒரு பங்கை ஐஸ் எடுத்துக்கொண்டால், 20 லிட்டர் பெட்டியில் பொருளுக்குச் சுமார் 13 லிட்டர் இடமே மிஞ்சும். அதற்காகத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிப் பாதி காலியாக வைப்பதும் வீண். ஆனால் இரண்டு சிறிய பெட்டிகளைவிட, அதே அளவு கொள்ளும் ஒரே பெட்டியில் ஐஸ் அதிக நேரம் நிற்கும். வெப்பம் நுழையும் மேற்பரப்பு அதில் குறைவு.

நம் கையில் உள்ள தராசு

விற்பவர் "24 மணி நேரம் தாங்கும்", "48 மணி நேரம் தாங்கும்" என்று சொல்வதை அப்படியே நம்பத் தேவையில்லை. நம்மிடம்தான் தராசு இருக்கிறதே! மொத்தமாக வாங்குமுன் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு மாதிரிப் பெட்டி வாங்குங்கள். இரவு 8 மணிக்கு ஒரே பாளத்திலிருந்து உடைத்த ஐஸை ஒவ்வொன்றிலும் 5 கிலோ போட்டு மூடி, அருகருகே வையுங்கள். காலை 8 மணி வரை திறக்கக் கூடாது. பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, மீதி ஐஸை நிறுத்துப் பாருங்கள். எந்தப் பெட்டி எவ்வளவு ஐஸைத் தின்கிறது என்பது கிராம் கணக்கில் தெரிந்துவிடும்.

யாருக்கு எந்தப் பெட்டி?

ஒரு பெட்டி 12 மணி நேரத்தில் 3 கிலோவும், அதைவிட 600 ரூபாய் விலை கூடுதலான இன்னொன்று ஒன்றரைக் கிலோவும் கரைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 3 கிலோ வித்தியாசம். ஐஸ் கிலோ 10 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 30 ரூபாய். கூடுதல் விலை திரும்ப 20 நாள் உபயோகம் வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை, இரண்டிரண்டு நாள் வெளியூர் போகும் குடும்பத்துக்கு அந்த 20 நாள் வர ஐந்து ஆண்டாகும். வழியில் ஐஸ் வாங்க வசதியிருந்தால், மூடி இறுக்கமான சாதாரணப் பெட்டியே அவர்களுக்குப் போதும். இரண்டு நாளும் ஐஸ் கிடைக்காத மலைப்பகுதியில் தங்குபவருக்குக் கனமான பெட்டியைத்தான் காட்ட வேண்டும். தினமும் பால், மோர் விற்கும் நம் கடைக்கும் அதுவே சிக்கனம். போட்ட கூடுதல் முதல் ஒரே மாதத்தில் திரும்பிவிடும். மின்தடை நேரத்தில் பால் பாக்கெட்டையும் காப்பாற்றும்.

மீன் ஏற்றி வந்த பழைய தெர்மாகோல் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்று யாரும் உணவுக்குக் கொடுக்க வேண்டாம். வாடையும் அழுக்கும் அதில் ஊறியிருக்கும்.

சொல்லி அனுப்ப வேண்டியவை

பாளமாக உள்ள ஐஸ் மெதுவாகக் கரையும். தூள் ஐஸ் விரைவாகக் குளிரவைத்து விரைவாகவே தீரும். குளிர்ந்த காற்று கீழே இறங்குவதால் ஐஸ் மேலும் இருக்க வேண்டும். பெட்டியை வண்டியில் வெயில் படாத இடத்தில் வைத்து, அடிக்கடி திறக்காமல் இருக்க வேண்டும்.

பாளம் பாளமாக விற்கும் ஐஸ் பெரும்பாலும் உண்பதற்கு உரியதல்ல. அதை டம்ளரில் போடக் கூடாது. வீட்டிலேயே எவர்சில்வர் டப்பாவில் குடிநீரை உறையவைத்து எடுத்துப் போவது நல்லது. உறையும் நீர் விரியும் என்பதால் டப்பாவில் பத்தில் ஒரு பங்காவது காலியாக விட வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் இந்த டப்பா அங்கே தொல்லையில்லாதது.

இன்சுலின் எடுத்துச் செல்பவரிடம், மருந்தை ஐஸின் மேல் நேராக வைக்காமல் துணி சுற்றித் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

பால், தயிர், இறைச்சி போன்றவை 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஐஸ் முழுவதும் கரைந்து, பெட்டித் தண்ணீரும் வெதுவெதுப்பாகிவிட்டால் பாலை முகர்ந்து பார்த்துத் துணிய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விலை உயர்ந்த பெட்டியை விற்றால் அன்றைக்கு லாபம் கூடும். எத்தனை நாள் பயணம், வழியில் ஐஸ் கிடைக்குமா என்று இரண்டு கேள்வி கேட்டு, தேவைக்கு ஏற்ற பெட்டியைக் கொடுத்தால் அடுத்த ஆண்டும் அந்தக் குடும்பம் நம் கடைக்கே வரும். கோடைச் சரக்கு எடுக்குமுன் ஓர் இரவு ஐந்து கிலோ ஐஸ் செலவு செய்து பாருங்கள்.