களிம்பு பிடிச்ச கனெக்டர்: குமரி மழையில உங்க பைக்கோட வயரிங்கைக் காப்பாத்துறது எப்படி?

நம்ம மாவட்டத்துக்கு வருஷத்துக்கு ரெண்டு மழை. ஜூன்ல தென்மேற்குப் பருவமழை, பெரியவங்க பாஷையில சொன்னா இடவப்பாதி. அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை. கன்னிப்பூ, கும்பப்பூன்னு நாஞ்சில் நாட்டு வயல்ல ரெண்டு போகம் விளையுறதுக்கு இதுதான் துணை. ஆனா திறந்தவெளி பார்க்கிங்ல நிக்கிற பைக்குக்கு இது ரெண்டு சோதனை. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் இருந்து வர்றவங்களுக்கு மூணாவதா உப்புக்காத்தும் இருக்கு.

பழைய கார்புரேட்டர் வண்டியில தண்ணி பட்டா, பிளக்கைக் கழற்றித் துடைச்சு மாட்டினா பெரும்பாலும் ஓடிரும். 2020 ஏப்ரல் 1-ல பிஎஸ்-6 வந்த பிறகு கிட்டத்தட்ட எல்லா பைக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கு, இன்ஜின் எவ்வளவு சூடா இருக்குன்னு சென்சார்கள் சொல்ல, ஈசியூ பெட்ரோல் அளவை முடிவு பண்ணும். பல சென்சாருக்கு சப்ளையே 5 வோல்ட்தான். கனெக்டர்ல புகுந்த ஈரத்தால அதுல அரை வோல்ட் மாறினாலே ஈசியூ தப்பா புரிஞ்சுக்கும். ஒழுகினசேரி பக்கம் பஸ்சுக்கு முன்னாடி போயிட்டிருக்கும்போது இன்ஜின் அப்படியே ஆஃப் ஆனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

தண்ணியை விட உப்புதான் வில்லன்

வீட்டுல செம்புப் பாத்திரத்துல பச்சையா பிடிக்குமே, களிம்பு. கனெக்டருக்குள்ள நடக்கிறதும் அதேதான். மழைத்தண்ணி காஞ்சு போயிடும். உப்பு போகாது. காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம்ம கடற்கரை ஊர்ல அது சர்வ சாதாரணம். அதனால மழையே பெய்யலைன்னாலும் பின் நனைஞ்சேதான் இருக்கும்.

இன்னொண்ணு. சாவி ஆஃப்ல இருந்தாலும் சில பின்ல பேட்டரி வோல்டேஜ் எப்பவும் இருக்கும். அந்த பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல உப்புத்தண்ணி வந்தா, அது நாம பிளஸ் டூ லேப்ல பார்த்த எலக்ட்ரோலிசிஸ். பாசிட்டிவ் பின் கொஞ்சம் கொஞ்சமா கரையும். வண்டி நிக்கும்போதும் இது நடக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 35 வாட் ஹெட்லைட் பல்போட ரெசிஸ்டன்ஸ், 12 வோல்ட்ல சுமார் 4.1 ஓம். களிம்பால கனெக்டர்ல 0.5 ஓம் கூடினா கரண்ட் சுமார் 2.6 ஆம்பியரா குறையும். 1.3 வோல்ட் கனெக்டர்லயே போயிடும், 3.4 வாட் அங்கேயே சூடாகும். லைட் மங்குறதும் பிளாஸ்டிக் உருகுறதும் இதனாலதான்.

ஐபி67 இருக்கே, போதாதா?

ஐபி67-ல 6-ன்னா தூசி புகாது. 7-ன்னா 1 மீட்டர் தண்ணியில 30 நிமிஷம் தாங்கும். சோதனை பண்றது சாதா தண்ணியில. பிரஷர் வாட்டர் வாஷுக்கு இந்த நம்பர் எந்த உத்தரவாதமும் தராது, அதுக்கு வேற சோதனை இருக்கு.

ஓடி வந்த வண்டியை உடனே கழுவினா என்ன ஆகும்? மூடின பெட்டிக்குள்ள காத்து 60 டிகிரியில இருக்குன்னு வைங்க. குளிர்ந்த தண்ணி பட்டு 27 டிகிரிக்கு இறங்கினா, 333 கெல்வின்ல இருந்து 300 கெல்வின். பிரஷர் 10 சதவீதம் குறையும். அது 1 மீட்டர் தண்ணி அழுத்தத்துக்குச் சமம். அதாவது, வண்டியைக் குளத்துல முக்காமலேயே ஐபி67 எல்லையைத் தொட்டாச்சு. சீல் கொஞ்சம் தேஞ்சிருந்தா தண்ணியை உள்ளே உறிஞ்சிடும். அதனால வண்டி ஆறின பிறகு, சாதா ஹோஸ்ல கழுவுங்க.

என்ன செய்யணும்?

1. முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. பிறகு கனெக்டரோட லாக்கை அழுத்தி இழுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க.

2. பச்சை இருந்தா எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, மெல்லிய பிரஷ்ல தேய்ச்சு, நல்லா காய விடுங்க. புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்குக்குச் சரி, இங்க வேண்டாம். மிஞ்சின அமிலமே மறுபடி அரிக்கும்.

3. ரப்பர் சீல்ல சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசா தடவுங்க. பேரிங் கிரீஸ் கூடாது. ஆக்சிஜன் சென்சார் கனெக்டர்ல மட்டும் எந்த கிரீஸும் போடாதீங்க. பல சென்சார் வயர் வழியாத்தான் ஒப்பீட்டுக்கான வெளிக்காத்தை எடுக்கும்.

4. வயர் கனெக்டருக்குக் கீழ இறங்கி, வளைஞ்சு மேல ஏறணும். வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயரைப் பாருங்க, அதே வளைவு. தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும்.

ட்யூனிங் மாட்யூல் போட்டவங்களுக்கு

பவர்ட்ரானிக், ஃப்யூயல்எக்ஸ் மாதிரி மாட்யூல்கள் ஒரிஜினல் வயரிங்குக்கு நடுவுல உக்காருது. கனெக்டர் எண்ணிக்கை கூடுது, அதாவது தண்ணி நுழையுற வாசலும் கூடுது. சீட்டுக்கு அடியில, கனெக்டர் வாய் கீழ பார்க்கிற மாதிரி, டயர் சேறடிக்காத இடத்துல கட்டுங்க. பாலித்தீன் கவர்ல சுத்தி டேப் அடிக்காதீங்க. உள்ள வேர்க்கும் ஈரம் வெளிய வர வழியில்ல. வயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்துறதும் வேண்டாம். செம்பு இழைகளுக்கு நடுவுல தண்ணி திரி மாதிரி ஏறும். கிரிம்ப் பண்ணி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்க.

வெள்ளத்துல நின்ன வண்டி

2017 நவம்பர் 30 ஒக்கி புயலும், 2021 நவம்பர் வெள்ளமும் நமக்கு மறக்காது. தண்ணியில நின்ன வண்டிக்கு முதல் விதி, சாவி போடாதே. பேட்டரியைக் கழற்றி, கனெக்டர்களைத் திறந்து, உப்போ சேறோ இருந்தா நல்ல தண்ணியில மெதுவா அலசி, முழுசா காய வெச்ச பிறகுதான் மத்தது. இன்ஜினுக்குள்ள தண்ணி போச்சான்னு மெக்கானிக் பார்க்காம ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

ஈசியூ மாத்துறதுக்கு முன்னாடி

"ஈசியூ போயிட்டு, மாத்தணும்"னு ஒர்க்‌ஷாப்ல சொன்னா, பல ஆயிரம் ரூபாய். வீட்டுல கேக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க. சாவி ஆன், லைட் ஆன். கனெக்டரோட ரெண்டு பக்கமும், ஒரே வயர்ல, பின்பக்கமா முனையை வெச்சு வோல்டேஜ் பாருங்க. நல்ல கனெக்டர்ல கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல போனா அந்த இடத்தைச் சந்தேகப்படலாம். சென்சார் வயர்ல அதைவிடக் குறைவா இருக்கணும்.

அக்டோபர் மழைக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை போதும் மக்கா. ஒரு கிரீஸ் டியூப் வாங்கினா ஹாஸ்டல்ல பத்து வண்டிக்கு வரும், பங்கு போட்டுக்கோங்க.