கப்பலைப் பக்கவாட்டில் நீரில் இறக்குதல்

(விசை, உராய்வு, மேலுதைப்பு ஆகிய அலகுகளுடன் தொடர்புபடுத்திக் கற்க)

புதிய கப்பல்கள் பல பிற்பக்கம் முதலில் நீரைத் தொடுமாறு சாய்தளத்தில் வழுக்கி விடப்படும். இதற்குக் கப்பலின் நீளத்திலும் அகன்ற நீர்ப்பரப்பு எதிரே வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் கப்பல் கட்டும் தளங்கள் சில ஒடுங்கிய ஆறுகளின் கரையில் அமைந்திருந்தன. எனவே கப்பலைக் கரைக்குச் சமாந்தரமாகக் கட்டிப் பக்கவாட்டில் இறக்கினர்.

கப்பலின் கீழே நீரை நோக்கிச் சரிந்த மரப்பாதைகள் பல இருக்கும். உராய்வைக் குறைக்க அவற்றில் கிறீஸ் பூசுவர். 20 இலட்சம் கிலோகிராம் திணிவுள்ள கப்பலொன்றைக் கருதுக. அதன் நிறை 200 இலட்சம் நியூற்றன். பாதை வழியே 10 மீற்றருக்கு 1 மீற்றர் இறக்கம் எனின், பாதை வழியான விசை 20 இலட்சம் நியூற்றன் ஆகும். எல்லை உராய்வு இதனிலும் குறைவாயின் மட்டுமே கப்பல் தானாக நகரும். தாங்கிகள் யாவும் ஒரே கணத்தில் விடுவிக்கப்படல் வேண்டும். ஒரு முனை முந்தினால் கப்பல் திருகி இறுகிவிடும்.

நீரில் விழும் கப்பல் பயங்கரமாகச் சரியும். ஆயினும் கவிழ்வதில்லை. ஏன்? சரிந்த பக்கத்தில் அமிழ்ந்த கனவளவு கூடுவதால் மேலுதைப்பு அப்பக்கமாக நகர்ந்து தாக்குகிறது. புவியீர்ப்பு மையம் போதிய அளவு தாழ்வாக இருப்பின், நிறையும் மேலுதைப்பும் சேர்ந்து கப்பலை நிமிர்த்தும் இணையாகின்றன. விடையில் "மேலுதைப்பு நிறையிலும் கூடியதால் மிதக்கிறது" என எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள். அமைதியாக மிதக்கையில் இரண்டும் சமன். மேற்படி கப்பல் 2000 கன மீற்றர் ஆற்று நீரை இடம்பெயர்க்கும்.

அந்நீர் எங்கே போகும்? அலையாக எழும். 1958 யூன் 7 இல் மிச்சிகன் மாநிலத்தின் றிவர் றூஜ் நகரில் 222 மீற்றர் நீளமான 'எட்மண்ட் பிற்ஸ்ஜெரால்ட்' இறக்கப்பட்டபோது எழுந்த அலை பார்வையாளரை நனைத்தது. சடத்துவத்தால் கப்பல் நிற்காமற் சென்று துறைமேடையொன்றில் மோதியது. பார்த்து நின்ற ஒருவர் மாரடைப்புக்குள்ளாகி இறந்தார். (இக்கப்பல் 1975 நவம்பர் 10 இல் சுப்பீரியர் ஏரியில் 29 பேருடன் மூழ்கியது புயலின்போதாகும், இரண்டையும் தொடர்புபடுத்த வேண்டாம்.) 2023 ஏப்ரல் 15 இலும் விஸ்கொன்சின் மாநிலத்தின் மரினெற் நகரில் இவ்வாறு இறக்கப்பட்ட 'கிளீவ்லண்ட்' போர்க்கப்பல் இழுவைப் படகொன்றுடன் மோதியது.

பயிற்சி: மேலே கூறிய கப்பல் ஆற்றிலிருந்து கடலுக்குச் சென்றால் அமிழ்ந்த கனவளவு கூடுமா, குறையுமா? காரணம் தருக.