ஃபீஸ் கட்டுமா பார்ட் டைம் வேலை?



"பையனை அனுப்பி வைங்க சார். முதல் வருஷ ஃபீஸ் மட்டும் நீங்க கட்டுங்க. மிச்சத்தை அங்க பார்ட் டைம் வேலை பாத்து அவனே கட்டிடுவான்."

சிதம்பரத்தில் நடந்த ஒரு வெளிநாட்டுக் கல்விக் கூட்டத்தில் என் அப்பாவிடம் ஏஜெண்ட் ஒருவர் சொன்ன வார்த்தைகள் இவை. கடலூர் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அப்பா ஒன்றும் பேசவில்லை. முதுநகரில் இறங்கியதும், "குறிஞ்சிப்பாடி தோப்பை அடமானம் வச்சா முதல் வருஷம் ஆயிடும்டா" என்றார். அது என் தாத்தா வைத்த முந்திரித் தோப்பு. ஏஜெண்ட் சொன்ன அந்த ஒரு வாக்கியம் உண்மைதானா என்று பார்க்காமல் பத்திரத்தைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். அதற்காகத் தேடிப் படித்ததையும், போட்ட கணக்கையும் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டிலும் இதே பேச்சு நடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

முன்னே போனவர்கள்

வேலை செய்துகொண்டே வெளிநாட்டில் படித்தவர்கள் இல்லையா? தாராளமாக இருக்கிறார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1922-இல் அமெரிக்கா போனார். கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார், ஓட்டலில் பாத்திரம் கழுவினார். அப்படி உழைத்தும், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டணம் இரட்டிப்பானபோது அவரால் அங்கே தொடர முடியவில்லை. செலவு குறைந்த அயோவாவுக்கு மாறினார்.

சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் 1923-இல் ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் இரவு நேர ஊழியராக, நோயாளிகளின் மலச்சட்டி எடுக்கும் வேலை செய்தார். அவரே பின்னாளில் லெடர்லி ஆய்வகத்தில் தலைமை ஏற்று நடத்திய ஆராய்ச்சியில் டி.இ.சி. மருந்து வந்தது. யானைக்கால் நோய்க்காக நம் கடலூர் மாவட்டத்தில் வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, அதே மாத்திரைதான்! ஆகவே எந்த வேலையும் கேவலம் இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. சுப்பாராவ் கப்பல் ஏறியதே மாமனார் திரட்டிய பணத்தையும் ஓர் அறக்கட்டளையின் உதவியையும் நம்பித்தான். வேலை அவருக்குக் கை கொடுத்தது. முழுச் சுமையையும் அது தூக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவருக்கே மாணவர் விசாவில் வேலைக்குப் போக அனுமதி கிடையாது. அப்படியிருக்க, வேலைக்கு விடுகிற நாடுகள் அதற்கு ஓர் அளவு வைப்பதில் வியப்பில்லை. பாடம் நடக்கும் காலத்துக்கான அளவுகளில் முக்கியமானவை இவை:

1. அமெரிக்கா: கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம். முதல் கல்வியாண்டில் வெளி வேலை கூடாது.

2. கனடா: 2024 நவம்பர் முதல், வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்.

3. ஆஸ்திரேலியா: 2023 ஜூலை முதல், இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்.

4. ஜெர்மனி: 2024 மார்ச் முதல், வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்.

5. ஜப்பான்: தனியாக அனுமதி வாங்கிய பிறகு வாரம் 28 மணி நேரம்.

6. பிரிட்டன்: பட்டப்படிப்புக்கு வாரம் 20 மணி நேரம். பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட படிப்புக்கு வெறும் 10 மணி நேரம்.

இந்த ஆறாவதை இன்னொரு முறை படியுங்கள். டிப்ளமா முடித்தவர்களை அங்கே பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட ஒரு கோர்ஸில்தான் சேர்த்து விடுகிறார்கள் என்றால், ஊரெல்லாம் பேசும் 20 மணி நேரம் நமக்கு இல்லை. பாதிதான்!

இந்த அளவுகள் மாறிக்கொண்டும் இருக்கும். கனடா 2022 நவம்பரில் அளவைத் தளர்த்தியது. 2024 ஏப்ரலோடு தளர்வை முடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவும் 2022 ஜனவரியில் எடுத்த வரம்பை 2023 ஜூலையில் திரும்ப வைத்தது. நடுவில் போன சீனியர், "மச்சி, எவ்வளவு நேரம் வேணாலும் வேலை பாக்கலாம்டா" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது கணக்கு

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் அந்நாட்டு அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி, 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு மணிக்கு 12.21 பவுண்ட். 18 முதல் 20 வயது வரை 10 பவுண்ட். டிப்ளமா முடிக்கும்போது நமக்கு என்ன வயது? 18 அல்லது 19.

வாரம் 20 மணி நேரம், மணிக்கு 10 பவுண்ட் என்றால் வாரம் 200. நான்கு வாரத்துக்கு 800 பவுண்ட். 10 மணி நேரம்தான் அனுமதி என்றால் 400 பவுண்ட்.

செலவு எவ்வளவு? அதையும் அந்த அரசே சொல்லியிருக்கிறது. லண்டனுக்கு வெளியே தங்கிப் படிக்க மாதம் 1,136 பவுண்ட் வேண்டும் என்று 2025 ஜனவரியில் வைத்தார்கள். அதே வருடம் நவம்பரில் 1,171 ஆக்கினார்கள். இது தங்க, சாப்பிட மட்டும். ஃபீஸ் இதில் சேராது.

வரவு 800, செலவு 1,136. மாதம் 336 பவுண்ட் துண்டு விழுகிறது. 10 மணி நேரக்காரருக்கோ துண்டு 736. மாதத்தில் நான்கு வாரத்துக்கு மேல் வரும் இரண்டு மூன்று நாளைச் சேர்த்தாலும் எட்டவில்லை. கோடை விடுமுறையில் மூன்று மாதம் முழு நேரம் உழைத்தாலும், மீதி ஒன்பது மாதத் துண்டை அது அடைக்காது. அப்புறம் ஃபீஸுக்கு எங்கே போவது?

அதனால்தான் விசா கேட்கும்போதே ஒன்பது மாதச் செலவை வங்கியில் காட்டச் சொல்கிறார்கள். 1,136 வீதம் அது 10,224 பவுண்ட். அந்தப் பணம் 28 நாள் கணக்கில் அப்படியே இருக்க வேண்டும். வேலை செய்து பிழைத்துக்கொள்வான் என்று அவர்களே நம்பவில்லை!

வரம்பு தாண்டினால்?

"யாரு பாக்கப் போறா? கையில காசு வாங்கிக்கலாம்" என்பார்கள். 2017-இல் கனடாவில் மான்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் இடையே லாரி ஓட்டி வந்த ஓர் இந்திய மாணவரைப் போலீஸார் நிறுத்தினார்கள். அவர் மெக்கானிக்கல் டிப்ளமா மாணவர், நம்மைப் போல. ஃபீஸ் கட்டத்தான் லாரி ஓட்டினார். வாரம் 20 மணி நேர வரம்பை மீறியிருந்ததை லாரியின் பயணப் பதிவேடே காட்டிக்கொடுத்தது. 2019-இல் நாட்டை விட்டு வெளியேறும் நிலைக்கு ஆளானார். திருடவில்லை, குடித்துவிட்டு ஓட்டவில்லை. உழைத்தார், அதுவே குற்றமாகிவிட்டது.

பிரிட்டனில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஆப் வேலை பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வரும். ஒரு மணி நேரம் செய்தாலும் தப்பு. வாரம் என்பதும் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி பார்க்க முடியாது. கள்ளத்தனமாக வேலை கொடுப்பவன் கூலியைக் குறைத்தாலும் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

கேட்க வேண்டிய கேள்விகள்

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்ட் டைம் வேலை சாப்பாட்டுச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும், மொழி பழகித் தரும், பயம் போக்கும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. என் கோர்ஸ் பட்டமா, பட்டத்துக்குக் கீழா? எத்தனை மணி நேரம் அனுமதி?

2. என் வயதுக்கு என்ன கூலி?

3. ஒரு ரூபாய்கூட சம்பாதிக்காவிட்டால் இரண்டாம் வருட ஃபீஸ் எங்கிருந்து வரும்?

4. கல்விக் கடனுக்கு எதை ஈடு வைக்கிறோம்? படிப்புக் காலத்திலும் வட்டி ஏறுமே, அது எவ்வளவு?

5. வேலையே படிப்பாக இருக்கும் வழி உண்டா? ஜெர்மனியின் தொழிற்பயிற்சியில் கம்பெனியே மாதச் சம்பளம் தருகிறது. அதற்கு ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிய வேண்டும். அதை இங்கிருந்தே படிக்கலாம்.

அடுத்த வாரம் அப்பாவும் நானும் திரும்பவும் சிதம்பரம் போய் ஏஜெண்டிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டோம். "அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் தம்பி" என்றார். அப்பா என் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். தோப்புப் பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. நான் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்குத் தயாராகிறேன். வெளிநாட்டு ஆசை போய்விடவில்லை. பட்டத்தோடு, 21 வயதோடு, கணக்கோடு போவேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆற்றைத் தாண்டாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆழத்தை அளந்துவிட்டு இறங்குவோம், நண்பர்களே!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்