பந்தை மட்டும் பார்க்காதீர்கள்

தேசிய சீனியர் கூடைப்பந்து இறுதி ஆட்டத்துக்கு முதன்முறையாகப் போகிறேன். பந்து போகிற வேகத்தில் எதுவும் பிடிபடுவதில்லை. எங்கே உட்கார்ந்து, எதைக் கவனிக்கலாம்? – வாசகி, ஈரோடு

கோர்ட்டை ஒட்டிய இருக்கை கிடைத்தாலும் வேண்டாம். நடுக்கோட்டுக்கு நேராக, பத்துப் படி மேலே ஏறி உட்காருங்கள். கீழே இருந்தால் முதுகுகள்தான் தெரியும். மேலிருந்து பத்துப் பேரும் தெரிவார்கள். பந்து ஒருவர் கையில்தான் இருக்கிறது. அடுத்த கூடையைத் தீர்மானிப்பது மற்ற ஒன்பது பேரின் நகர்வு. 6.75 மீட்டர் தொலைவிலுள்ள மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஒரு வீராங்கனை தனியாக நின்று எறிகிறார் என்றால், பெரும்பாலும் அதற்கு முன்பே சக வீராங்கனை ஒருவர் அசையாமல் நின்று, எதிரணிக் காவலரின் வழியை மறித்திருப்பார். அந்த ‘ஸ்கிரீன்’ கண்ணில் பட ஆரம்பித்துவிட்டால் வேகம் மிரட்டாது. கூடை விழுவதைத் தவறவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். எறிய 24 விநாடிதான் அவகாசம். கூடைக்கு மேலுள்ள கடிகாரம் குறையக் குறையப் பந்துக்குத் திரும்புங்கள். இந்தியன் ரயில்வே நெடுங்காலம் கோலோச்சிய பெண்கள் பிரிவின் இறுதியை அவசியம் பாருங்கள், இந்த நகர்வுகள் அதில் தெளிவாகத் தெரியும்.

புள்ளிகளோடு ஃபவுல் கணக்கையும் கவனியுங்கள். ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. பின்தங்கிய அணி கடைசியில் வேண்டுமென்றே ஃபவுல் செய்வது அழுகுணி ஆட்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டக் கடிகாரத்தை நிறுத்திப் பந்தைத் திரும்பப் பெற அவர்களுக்கு வேறு வழியில்லை. கடைசி 2 நிமிடத்தில் கூடை விழுந்தாலும் கடிகாரம் நிற்கும். ஆறு புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து எழுந்துவிடாதீர்கள்.